நிலைக்கதவில் ஒரு ஓட்டை

"நெலக்கதவுல ஓட்ட போடறதா? வேணாம்ணா, லட்சுமி வர்ற வழி. கடுதாசிக்கு வெளிய ஒரு தகரப் பொட்டி மாட்டிக்கலாமே" என்றார் ஒதியம்பட்டிலிருந்து வந்திருந்த ஆசாரி அன்புராஜ்.

"லட்சுமி வந்து கிழிச்சது போதும். நீ போடுய்யா" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்த ஆள் என்ன செய்தார்? எனக்கு யார் மேலாவது பாய வேண்டியிருந்தது.

நாங்கள் கரும்பு போடுகிறவர்கள். பகலெல்லாம் கரும்புக் கொல்லையில் கிடப்போம், வீடு பூட்டியிருக்கும். தபால்காரர் கடுதாசியைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார். அப்படித் தள்ளிய ஒன்று, தரையில் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே புகுந்துகொண்டது. மூன்றரை மாதம் அதன் மேல்தான் நடந்தோம், அதன் மேலேயே உட்கார்ந்து சோறும் தின்றோம். போகிக்குப் பழசைக் கழிக்க என் மனைவி தையலம்மாள் விரிப்பைச் சுருட்டியபோதுதான் கிடைத்தது.

எங்கள் ஒரே பிள்ளை கலைவேந்தன் எழுதியது. காலனிப் பெண் தேவியைக் கட்டிக்கொண்டான் என்று அவனை வாசலோடு துரத்தியவன் நான். தையலின் போனில் அவன் நம்பரை பிளாக் செய்ய வைத்தவனும் நானே. கடுதாசியை விட்டால் அவனுக்கு வேறு என்ன வழி?

"தேவிக்கு ஏழாம் மாசம். அம்மா கையால ரெண்டு கண்ணாடி வளையல் போட்டா போதும். வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வில்லியனூர் ரயில் ஸ்டேஷன் வாசல்ல நிப்போம். நீங்க வரலைன்னா வேணாம்னு அர்த்தம். அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டோம்."

முகவரி இல்லை. அவன் பழைய நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. தேவி குடும்பமும் ஊரை விட்டே போய்விட்டது.

தையல் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஐயோ, எம்புள்ள காத்துக்கினு நின்னிருக்குமே! கொழந்த பொறந்து மாசம் ஆயிருக்குமே! ஆணா பொண்ணான்னுகூடத் தெரியலியே!"

தேதியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வில்லியனூரில்தான் இருந்தேன். மோட்டாருக்கு பெல்ட் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் வழியாக வந்தேன். இரண்டு பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். அவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் சிரிப்பாக "அப்பா" என்று நாலடி ஓடி வந்தான். எதேச்சையாக எதிர்ப்பட்டான், என்ன தைரியம் இவனுக்கு என்று நினைத்து, காறித் துப்பிவிட்டு வண்டியைத் திருப்பினேன். பாவி நான். கடுதாசியைப் படித்துவிட்டு, துப்புவதற்கென்றே வந்தேன் என்றல்லவா அவன் நினைத்திருப்பான்!

இனி அவன் எழுத மாட்டான். என் ரத்தம், எனக்குத் தெரியாதா?

ஸ்டேஷன் வாசலில் நடந்தது தையலுக்குத் தெரியாது. "மறுபடி எழுதுவான், இந்தத் தடவ தவறக் கூடாது" என்று ஓட்டை போடச் சொன்னவளே அவள்தான். உளி இறங்கிய நேரமெல்லாம் கதவை விட்டு நகரவில்லை.

வெட்டி முடித்து மூடியைப் பொருத்தப் போனார் அன்புராஜ். தையல் அவரை நிறுத்தி, மரத்தூளை முந்தானையால் துடைத்துவிட்டு, நாலு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னும் கொஞ்சம் அகலமா போடச் சொல்லுங்க. கொழந்த போட்டோ வெச்சு அனுப்பினான்னா மடங்கிடப் போவுது."

அன்புராஜ் என் முகத்தைப் பார்த்தார்.

"போடுப்பா" என்றேன். "அவ சொல்ற மாதிரியே போடு."