விளக்கடி ஈரம்

எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துக் கிளாக்கரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன், பஸ் கொண்டக்டரைப் பாதி வழியில் இறங்க வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் பக்கத்து வீட்டுக் கருமாதி முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இத்தனை நட்டமும் வந்தது.

எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி றப்பருமாகக் கிடக்கிறது. என் காம்பராவுக்கும் நல்லையா அண்ணனின் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. அவர் அந்தப் பக்கம் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் என் சாமி படம் ஆடும்.

அவருடைய சம்சாரம் ஜெயம்மா அண்ணிக்குக் கிட்னி வருத்தம். பொதுக் கக்கூசுக்குப் படி இறங்கி ஏற அவளால் முடியவில்லை என்று, கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தனுஷன் வந்து பின்பக்கம் ஒரு பாத்ரூம் கட்டிக் கொடுத்தான். முன்பக்கத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து பைப்பை எங்கள் நடுச்சுவர் ஓரமாக இழுத்தான். அது அவர்களுக்கு மட்டுமா சுவர்? நான் விடவில்லை. ஒரு நாள் முழுக்கக் கத்தினேன். கடைசியில் அண்ணியே தட்டுத் தடுமாறி வந்து, "பொறுத்துக்கம்மா, நான் எத்தன நாளைக்கி இருக்கப் போறேன்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன பேச? அடுப்பில் கொதித்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுக்கப் போனேன். அதையும் அவள் வாங்கவில்லை. நாளுக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டொக்டர் அளந்து வைத்திருந்தார்.

சொன்னது போலவே கார்த்திகையில் போய்விட்டாள். வாசல் இஸ்தோப்பில் பந்தல் போட வந்த பயல்களில் ஒருவன் அந்தப் பைப்பில் கால் வைத்து ஏறியிருக்க வேண்டும். யார் என்று எப்படிச் சொல்வது? சாவு வீட்டுக்கு உதவ வந்தவன்தானே.

பிணம் போன மூன்றாம் நாள் என் பக்கச் சுவரில், தரையை ஒட்டி, ஒரு ஈரக் கோடு விழுந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். மண் பிசுபிசுத்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனாலும் எப்படிப் போய்ச் சொல்வது? பைப் போட்டபோது சண்டை பிடித்தவள், இப்போது அண்ணி செத்த கையோடு போய் "உங்க பைப் ஒழுகுது" என்றால் லயத்துச் சனம் என்ன சொல்லும்? எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வந்துவிட்டாள் என்பார்கள். வால்வை நானே மூடியிருக்கலாம். சாவு வீட்டுச் சனத்துக்குத் தண்ணீர் இல்லாமல் செய்த பாவமும் எனக்கு வேண்டுமா? கருமாதி முடியட்டும் என்று தையல் மெசினை மட்டும் இழுத்து நடுவில் போட்டேன்.

அந்த மெசின்தான் எங்களுக்குச் சோறு. என் மகள் ஷாமிளா கட்டுநாயக்காவில் கார்மென்ட்ஸில் நாலு வருஷம் கிடந்து, இளைத்துக் கறுத்து, அந்தச் சம்பளத்தில் வாங்கிய மெசின். அவள் அப்பா போன பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். மாவனல்லையில் கபூர் முதலாளி, பள்ளிக்கூட வெள்ளை உடுப்புகளை வெட்டிக் கட்டாகக் கொடுப்பார். இவள் வீட்டிலேயே தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்த வேலை நின்றால் மறுபடி கட்டுநாயக்கா. அங்கே அவள் சாப்பிட்டாளா, காய்ச்சலில் கிடக்கிறாளா என்று எதுவும் தெரியாமல் இன்னொரு தடவை இருக்க என்னால் ஆகாது.

மெசினை இழுத்த எனக்குக் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி நினைவுக்கு வரவில்லை. ஜனவரிக்குத் தைக்க வேண்டிய துணி அதற்குள் இருந்தது. கருமாதிக்கு முந்தின நாள் ஷாமிளா பெட்டியைத் திறந்தாள். அடிக்கட்டு முழுக்கச் செம்மண் கறை, அதற்கு மேல் கறுப்புப் பூஞ்சணம். துணியை எடுத்துப் போய்ப் பீலித் தண்ணீரில் போட்டுத் துவைத்தாள், நீலம் போட்டாள், எலுமிச்சம்புளி தேய்த்தாள். கறை போகவில்லை.

தோட்டத்து ஒபிசுக்குப் போனேன். லயம் கம்பெனியுடையது, ஆனால் பாத்ரூமை எங்களிடம் கேட்டுக் கட்டவில்லை என்றார் கிளாக்கர். "ஏக்க அப்பே நெவெய்" என்று சிங்களத்தில் கைவிரித்தார், அது எங்களுடையது இல்லை என்று. நீ எழுத்தில் கொடுத்தால் பாத்ரூமை உடைக்கச் சொல்வார்கள், பரவாயில்லையா என்றும் கேட்டார். உடைத்தால் என் துணி வெளுக்குமா? எழுந்து வந்துவிட்டேன்.

கருமாதி முடிந்த மறுநாள் காலை, தனுஷன் கொழும்புக்குப் போகுமுன் பிடிக்க வேண்டும் என்று ஷாமிளாவையும் ஒரு வெள்ளைத் துணியையும் இழுத்துக்கொண்டு அவர்கள் வாசலில் போய் நின்றேன். அத்தனை நாள் அடக்கி வைத்ததை ஒரே மூச்சில் கொட்டினேன்.

தனுஷன் மரியாதைக்காரப் பையன்தான். ஆனால் காசு என்றதும் முகம் மாறியது. அம்மாவின் வைத்தியத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் அவன் கழுத்தில் நின்றது. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு பைப் சொக்கெட்டை மாற்றிவிட்டுப் போயிருப்பேனே, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கேட்டான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்றான். பிறகு, இது பைப்பே இல்லை, அடித்த மழைக்கு லயத்துக் கூரை ஒழுகியிருக்கும் என்று கட்சி மாறினான்.

"பைப்புன்னா எங்க பக்கமும் ஈரமாகியிருக்கணுமே அத்த? அப்பாதான் ராவும் பகலும் அந்தச் சுவத்தடியில உக்காந்திருந்தாரு. அவரையே கேளுங்க" என்றான்.

நல்ல சாட்சி! நானும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

நல்லையா அண்ணன் உள்ளே இருந்து வந்தார். மொட்டைத் தலை, மழித்த முகம். இத்தனை நாளில் அவரை நான் நேராகப் பார்க்கவில்லை. அழுது ஓய்ந்த முகமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. நிம்மதியாக இருந்தார்.

"ஈரம் இருந்திச்சி தம்பி" என்றார். "மொத நாளுலருந்தே இருந்திச்சி. நான்தான் யாருக்கும் சொல்லல."

நான் தனுஷனை ஒரு பார்வை பார்த்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். அந்தச் சுவரோரத்தில்தான் அண்ணிக்கு விளக்கு ஏற்றி, பக்கத்தில் செம்பில் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

"கடைசி நாளு காலையில தண்ணி தண்ணின்னு கேட்டா தங்கச்சி. அன்னைக்கி அளவு முடிஞ்சி போச்சின்னு நான் குடுக்கல. இந்தக் கையால செம்ப எடுத்து மேல வச்சேன். பின்னேரம் போயிட்டா. ஆனா வந்து குடிச்சிட்டா. ஒவ்வொரு நாளும் விடிய எந்திரிச்சிப் பாத்தா, செம்பச் சுத்தித் தண்ணி. அவசரத்துல சிந்திச் சிந்திக் குடிச்சிருக்கா. நான் தொடைக்கவே இல்ல."

தனுஷன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு விளங்கிவிட்டது. ஷாமிளா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வார்த்தை போதும். அண்ணே, அது பைப்புத் தண்ணி என்றால் தீர்ந்தது. கையில் கறைத் துணி, எதிரில் சாட்சி. என் பிள்ளை கட்டுநாயக்கா போகாமல் இருக்க அந்த ஒரு வார்த்தைதான் வேண்டும். அந்த மனிதரின் கையைப் பார்த்தேன். செம்பை எடுத்து மேலே வைத்த கை. பாழாய்ப்போன வாய், வேண்டாத இடத்திலெல்லாம் பேசும், அங்கே திறக்கவில்லை.

"என் பக்கம் வந்தது மழத்தண்ணி போலண்ணே" என்றேன். "கூரத்தகரம் ஓட்ட."

வீட்டுக்கு வந்து அடுப்படியில் பானையைப் போட்டு உடைக்காத குறை. யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. செத்தவள் மேலா, கிளாக்கர் மேலா, ஒரு முட்டாள் மாதிரி வாயை மூடிக்கொண்டு வந்த என் மேலா? எல்லார் மேலும்தான். ஷாமிளா கறைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அதச் சொல்லியிருந்தீங்கன்னா நான் ஒங்க கூடப் பேசியிருக்க மாட்டேம்மா" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

தனுஷன் அன்றைக்குப் போகவில்லை. அப்பா கோயிலடிக்குப் போன நேரம் பார்த்துப் பைப்பை மாற்றினான். பிறகு என் பின்கதவில் வந்து நின்று, துணிக்காசில் பாதியை நான் தாறேன் அத்தை, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றான். மானம் பார்த்து வேண்டாம் என்று சொல்ல நான் என்ன சீமாட்டியா? வாங்கிக்கொண்டேன்.

மற்றப் பாதிக்கு ஷாமிளா மாவனல்லைக்குப் போனாள். கபூர் முதலாளி துணியைக் கடை மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு வெள்ளையில் பாவம் பார்க்க முடியாதே மகள் என்றாராம். அவர் மனைவி ஸைனம்பு, நல்ல இடமாகப் பார்த்து வெட்டிச் சின்னப் பிள்ளைகளுக்குத் தைக்கலாம் என்று சில துண்டுகளை ஒதுக்கினாளாம். மீதிக்கு இந்த சீசன் முழுக்கக் கூலி இல்லாமல் தைக்க வேண்டும். வேலை போகவில்லை. மகள் என்னோடு இருக்கிறாள். கம்பெனி ஒரு சதம்கூடத் தரவில்லை.

இரண்டு நாள் கழித்து நல்லையா அண்ணன் என் வாசலுக்கு வந்தார். உள்ளே மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உட்காரவில்லை.

"தர காஞ்சிருச்சி தங்கச்சி" என்றார். "கருமாதியோட போயிட்டா போல."

ஷாமிளா மெசினை நிறுத்தினாள்.

"ஆமாண்ணே" என்றேன். "வயிறு நெறஞ்சி போயிட்டாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் காம்பராவுக்குப் போனார். என் பக்கத்துச் சுவர் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.