ஆணி போன சட்டி

உளுவைக்குச் சேற்றடியில் ஓர் இருட்டுப் பொந்து கிடைத்தால் போதும். விரல் நீள மீன். நீந்தித் திரியாது, தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கும். அதனால்தான் கழிமுகத்தில் நாங்கள் அதற்கு வலை வீசுவதில்லை. வாய் குறுகிய மண்சட்டிகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டி அடியில் கிடத்துவோம். வீடு கிடைத்தது என்று மீன் தானாகவே வந்து குடியேறும். மறுநாள் சட்டியின் வாயைப் பொத்தித் தூக்க வேண்டியதுதான்.

அப்பாவுக்குப் பிறகு அவருடைய இடத்தில் சட்டி போட்டவள் நான். எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. காய்ச்சலில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அக்கா புருஷன் என் கயிற்றை அறுத்துவிட்டுத் தன் சட்டிகளைப் போட்டுவிட்டார். நியாயம் கேட்கப் போனேன்.

"பொம்பளைக்கு எதுக்கு இந்தச் சேத்து வேலை? இனிமே என் வாசப்படிய மிதிச்ச, கால ஒடிச்சிருவேன்!"

உள்ளே அக்கா அழுவது கேட்டது. இந்த மனுஷனை மண்ணைக் கவ்வ வைக்காவிட்டால் நான் என் அப்பனுக்குப் பிறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அக்காவைப் பார்த்தேன். நிறையப் பேசவில்லை.

அந்த வாரத்திலிருந்து மாமாவின் சட்டிகள் காலியாக வந்தன. கயிற்றை மாற்றினார், சட்டிகளைக் காயவைத்தார், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார். எனக்கு வெறுஞ்சோறுகூட இனித்தது. கடைசியில் கரையில் எல்லார் முன்னாலும் கத்தினார்:

"செத்துப்போன எடம்! எவனுக்கு வேணுமோ எடுத்துக்கோ!"

எங்கள் கரையில் நாலு பேர் முன்னால் வாய்விட்டு விட்ட இடம் விட்டதுதான். அவர் சட்டிகளைக் கரையேற்றியதும் நான் என்னுடையதை இறக்கினேன்.

மறுநாள் நான் தூக்கிய முதல் சட்டியிலேயே உளுவை துள்ளியது. மாமாவின் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போலானது.

"என்னடி பண்ணின?"

"உங்க சட்டிய வெயிலுக்கு நேரா தூக்கிப் பாருங்க மாமா."

பார்த்தார். அடியில் ஆணி துளைத்துப் போன ஓட்டை. பின்பக்கம் வெளிச்சம் தெரிகிற பொந்தில் உளுவை தங்காது. சட்டி தூக்குகிற எவனும் வாயைத்தான் பார்ப்பான், அடியைப் பார்க்க மாட்டான்.

"என் வீட்டுக்குள்ள திருட்டுத்தனமா பூந்தியா?"

"உங்க வாசப்படிய நான் மிதிக்கவே இல்ல. தினம் அந்தச் சட்டியெல்லாம் கழுவி வெக்கிறது யாரு?"

அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.