அரைஞாணில் இருந்த சாவி

அரைஞாண் கயிற்றை அறுத்ததும் சாவி 'ணங்' என்று தரையில் விழுந்தது. உடலைக் குளிப்பாட்ட வந்தவர்கள் பின்வாங்கி நின்றார்கள். முனிரத்தினத்தின் இடுப்பைத் தவிர வேறெங்கும் அந்தச் சாவியை யாரும் பார்த்ததில்லை.

"மோட்டர் ரூம் சாவி அக்கா," என்றான் பக்கத்து வீட்டுக் குமரேசன் வினிதாவிடம், அதைத் தொடாமலே. "குளிப்பாட்டவே தண்ணி இல்ல. போய்த் தொறந்துட்டு வா."

மாடம்பாக்கத்தில் அந்தத் தெருவுக்கே ஒரு போர்வெல்தான். வீடு வீடாகத் தண்ணீர் திறந்துவிட்டது வினிதாவின் அப்பா முனிரத்தினம்தான். அசோசியேஷனுக்குத் தேர்தல் வைத்ததில்லை. ஒரு பைசா தொட்டதுமில்லை. ஊரே லாரிக்குக் குடத்தோடு நின்ற கோடையிலும் இங்கே குழாய் வற்றவில்லை. "ராஜா மாதிரி பாத்துக்கினாரு" என்றுதான் காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் அதே வார்த்தையைச் சொன்னதுதான் வினிதாவுக்கு உறுத்தியது.

மோட்டர் ரூமில் வீட்டுக்கொரு வால்வு. எல்லாம் கைபட்டுப் பளபளத்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் துருவேறி, சிலந்தி கூடு கட்டியிருந்தது. மேலே பெயின்டில் 'தயாளன்'.

"அத்த மட்டும் வுட்ரு," பின்னாலேயே வந்திருந்தான் குமரேசன். "எலக்ஷன் வெக்கணும்னு மீட்டிங்ல கேட்டாரு இல்ல? அதுலேந்து மூடிதான் கீது."

"தெருவுக்கே தெரியுமா?"

"தெரியாம? அப்புறம் எவனாச்சும் மீட்டிங்ல வாயத் தொறந்தானா?"

தயாளன் வீட்டில் தினமும் தண்ணீர் கேன் இறங்கும். 'பணத்திமிரு' என்று அப்பா சிரிப்பார். அவளும் கூடச் சிரித்திருக்கிறாள்.

மற்ற வால்வுகளைத் திறந்துவிட்டுத் திரும்பியபோது, தயாளனே மாலையோடு வாசலில் நின்றிருந்தார்.

"அங்கிள், உங்க வூட்டுக்குத் தண்ணி வருதா?"

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தயாளன் பெஞ்சில் கிடந்த உடம்பை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"வருதும்மா. நல்லா வருது. ராஜா மாதிரி பாத்துக்கினாரு."

வினிதா மோட்டர் ரூமுக்கே திரும்ப நடந்தாள். இரண்டு கையாலும் அந்த வால்வைப் பிடித்துத் திருகினாள். துரு உதிர்ந்தது, அசையவில்லை. புடவைத் தலைப்பைச் சுற்றி மறுபடி திருகினாள். தயாளன் வீட்டுக் குழாய் காற்றைக் கக்கி, இருமி, செந்தண்ணீராக விழுந்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

பிறகு எதிர்வீட்டு ரமாதான் அவள் கையைப் பிடித்தாள். "இனிமே நீயே பாத்துக்கோம்மா. நல்ல பொண்ணு. உங்கப்பா மாதிரி."

"எனக்கு வேணாங்க்கா. யாராச்சும் வாங்கிக்கோங்க."

சாவியை நீட்டினாள். ரமா நகர்ந்துகொண்டாள். குமரேசன் செருப்பைப் பார்த்தான். தயாளன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நீட்டிய கையில் சாவி அதற்குள் சூடேறியிருந்தது.