மூன்றாம் வரிசை

யோகாசன வாத்தியார் ஜானகிராமனுக்கு வேம்புலி தரவேண்டிய பாக்கி இரண்டு ரூபாய் நாலணா. மாசம் பன்னிரண்டணா வீதம் மூன்று மாசத்துச் சம்பளம். பூந்தமல்லியில் ஹபிபுல்லா சாயபுவின் வேர்க்கடலைக் கிடங்கில்தான் வகுப்பு. சரக்கு இல்லாத மாசங்களில் கிடங்கு சும்மா கிடக்கும். மூட்டைக் கணக்கு எழுதுகிற சுவரிலேயே வேம்புலியின் பாக்கியும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது.

"வேலைக்குத் திரும்பினதும் குடு, போதும்" என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

வேலை என்றால் ஆவடியில் பட்டாளத்துச் சாமான் இறக்குகிற வேலை. சண்டைக் காலம். ரயில் வந்து நின்றுகொண்டே இருக்கும், சாமான் தீராது. மாசி மாசத்தில் ஒருநாள் சிமிட்டி மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது வேம்புலியின் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பற்றுப் போட்டார்கள், எண்ணெய் போட்டு உருவினார்கள். ஒன்றுக்கும் கேட்கவில்லை. மேஸ்திரி வரதன் வீடு தேடி வந்து வாசலில் நின்றபடியே சொன்னான்.

"ஆடி ஒண்ணாந்தேதி ஆளுங்கள புதுசா எடுக்கறாங்க நைனா. அன்னிக்கு வந்து ஒரு மூட்டைய தூக்கிக் காட்டு. தூக்கிட்டேன்னா உன் எடம் உனக்கு. இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

பெண்டாட்டி பொன்னியம்மா ஊர்ப்பட்ட வீடுகளுக்கு நெல் குத்தப் போக ஆரம்பித்தாள். புருஷனுக்கு அவள் குத்திய அரிசியில்தான் கஞ்சி. உலக்கை பிடித்துக் காய்த்த கையால் அவள் கஞ்சி ஊற்றும்போது வேம்புலி தலை நிமிர்வதில்லை.

வகுப்பில் மூன்று வரிசை. முதல் வரிசையில் இளவட்டங்கள். வில்லாய் வளைவார்கள், தலைகீழாய் நிற்பார்கள், வேர்வை சொட்டும். இரண்டாவதில் தொப்பையும் சர்க்கரையும் மூச்சிரைப்பும் உள்ள பெரியமனிதர்கள். சாயபுவும் அதில் ஒருவர். சுவரோரம் மூன்றாம் வரிசை. அங்கே வேம்புலியும், வாதம் வந்து கை விழுந்துபோன ஒரு தபால்காரரும்.

மூன்றாம் வரிசைக்கு மல்லாந்து படுக்கிறதுதான் பாடம். ஒரு முழங்காலை மடக்கி வயிற்றோடு அணைக்கணும், விடணும். அப்புறம் மற்றக் கால். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டபடி கிடக்கணும். அவ்வளவுதான்.

"இன்னாப்பா வேம்புலி, துட்டு குட்த்து தூங்க வந்துகினு கீறியா?" என்றார் சாயபு. "எங்க ஊட்ல சொன்னா அவங்களும் பாயை எடுத்துகினு வந்துடுவாங்க."

கிடங்கே சிரித்தது. சாயபு கெட்டவர் இல்லை. சம்மணம் போடப் போய் உருண்டு விழுந்து, தன்னைப் பார்த்தே சிரித்தவர் அவர். வேம்புலியும் கூடவே சிரித்தான். ஆனால் அந்தப் பேச்சு அவனுக்குள் தைத்துக்கொண்டது. பத்து வயசிலிருந்து கூலி வேலை செய்கிறவன். வேர்க்காமல் எதுவும் அவன் கைக்கு வந்ததில்லை. படுத்துக் கிடந்து ஒரு உடம்பு தேறும் என்றால் அவனால் நம்ப முடியவில்லை.

வகுப்பு கலைந்ததும் வாத்தியாரிடம் போனான்.

"வாத்தியாரே, எனக்கும் அந்த வளையறத சொல்லிக் குடுங்க. மொத வரிசைக்கும் பன்னெண்டணா, எனக்கும் பன்னெண்டணா தானே?"

"உன் இடுப்புக்கு இதுதான் ஆசனம். வளைஞ்சா போயிடும்."

"வேர்வையே வரலியே."

"வேர்வை வரவழைக்க நான் வகுப்பு நடத்தலைப்பா."

ஆனி மாசத்தில் வலி குறைந்தது. ஒரு காலை கிணற்றிலிருந்து தோண்டியில் தண்ணீர் இழுத்துத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். பொன்னியம்மா உலக்கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"நீயா எட்த்துகினு வந்தே?"

"பின்ன யாரு, உங்கப்பனா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

அந்தத் தோண்டித் தண்ணீர்தான் அவனைக் கெடுத்தது. படுத்துக் கிடந்ததற்கே இவ்வளவு என்றால், வேர்க்க வேர்க்கச் செய்தால் எவ்வளவு ஆகும் என்று நினைத்தான். ஆடிக்கு நாள் இல்லை. ஏரிக்கரைப் புதர் மறைவில், முதல் வரிசைப் பையன்கள் செய்ததை நினைவில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக வளைந்தான். முதல் நாள் வேர்த்தது. சந்தோஷமாக இருந்தது. மறுநாள் கை தரையைத் தொட இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. இன்னும் கொஞ்சம் என்று இறங்கினான். இடுப்புக்குள் ஈரக் கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம். அது வெளியே கேட்டதா, உள்ளேதானா, அவனுக்கே தெரியவில்லை. விழுந்தவனால் இடது காலை இழுக்க முடியவில்லை. மாடு ஓட்டி வந்தவர்கள் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆடி ஒன்றாம் தேதி, பொன்னியம்மா எவ்வளவு தடுத்தும் கேட்காமல், மாட்டு வண்டியில் ஆவடிக்குப் போனான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போய் மூட்டைக்கு முன்னால் நின்றான். குனிந்து இரண்டு கையாலும் பற்றினான். வலது கால் ஊன்றிக்கொண்டது. இடது கால் இருக்கிற இடமே தெரியவில்லை. மூட்டையின் மேலேயே சரிந்தான்.

வரதன் வந்து தூக்கி நிறுத்தினான். முகத்தைப் பார்க்காமல், "ஊட்டுக்குப் போ நைனா" என்றான். பிறகு வரிசையைப் பார்த்து, "அடுத்த ஆளு" என்று குரல் கொடுத்தான்.

மறுநாள் காலை வேம்புலி கோல் ஊன்றிக் கிடங்குக்குப் போனான். எல்லாரும் போகும்வரை சுவரோரம் கிடந்தான். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து அவன் இடது பாதத்தைக் கையில் எடுத்தார். நகத்தால் கீறினார்.

"தெரியுதா?"

"இல்ல."

"விரலை ஆட்டு."

ஆட்டினான். விரல்கள் அப்படியே இருந்தன.

"வளைஞ்சியா?"

வேம்புலி தலையை ஆட்டினான். திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அவன் பாதத்தை மெதுவாகத் தரையில் வைத்தார், யாருடைய பொருளையோ திருப்பி வைக்கிற மாதிரி.

"நாளையிலேர்ந்து இவ்வளவு தூரம் வந்து சிரமப்படாதே வேம்புலி."

"மூணாம் வரிசையிலேயே கெடக்கறேன் வாத்தியாரே. இனிமே சொன்னத மட்டும் செய்றேன்."

வாத்தியார் எழுந்து, தோளில் கிடந்த துண்டைக் குடத்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போனார். வேம்புலிக்குப் புரிந்துவிட்டது.

"அத அழிக்காதீங்க வாத்தியாரே! வேலைக்குப் போயி குட்த்துடறேன். அது இருக்கட்டும். வேலைக்குப் போயி..."

"பாக்கி ஒண்ணும் இல்லப்பா" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

ஈரத்துண்டு இரண்டு தரம் போய் வந்தது. இரண்டு ரூபாய் நாலணா இருந்த இடம் கறுப்பாய் நனைந்து நின்றது.