தலைவாசல் கல்லில் கோணக்கொம்பன்

மாட்டுக்கு மரியாதை தெரியாதவங்ககிட்ட எனக்குப் பேச்சே கிடையாது. வேதக்கோயில் உபதேசியார் மாசிலாமணிகிட்ட ஒம்பது நாள் நான் வாயத் தொறக்காம இருந்தது அதுக்குத்தான்.

கோணக்கொம்பன் என் வண்டியில இடப்பக்கம் பூட்டுற காளை. அவன் வலக்கொம்பு வானத்தப் பாத்து நிக்கும். இடக்கொம்பு கண்ணுக்கு மேல வளைஞ்சு தொங்கும். செக்கானூரணிப் பக்கம் எங்க கரட்டுமேட்டுல, கிறிஸ்தவ வேதக்காரங்க கோயிலும் பள்ளிக்கூடமும் சேத்து ஒரு கட்டடம் எழுப்புனாங்க. அதுக்கு நாகமலை அடியிலருந்து கல்லு அம்புட்டையும் இழுத்தது அவனும் அவன் சோடியும்தான். வண்டிய ஓட்டுனது இந்த ஒச்சாயி.

பொம்பள எதுக்கு வண்டி ஓட்டுனாங்கிறீகளா? அப்ப ரேகைச் சட்டம். எங்க வீட்டுக்காரரு மொக்கையன் போலீசு புஸ்தகத்துல பெருவிரல் ரேகை வச்சவரு. சீட்டு வாங்காம ஊரெல்லையத் தாண்டக் கூடாது. ஒரு குத்தமும் செய்யாத மனுசன்! பொறந்த சாதிக்காகப் புடிச்சு மையில அமுக்கிவிட்டாங்க. அதுலருந்து அவரு தலை நிமிந்து நடந்து நான் பாத்ததில்ல. அதனால கயித்த நான் புடிச்சேன். பள்ளிக்கூடம் வந்தா நம்ம பிள்ளைகளாச்சும் நாலெழுத்துப் படிக்கும்னு ஆசை. கூலியே கேக்கல.

கடைசிப் பாரம், தலைவாசலுக்கு மேல படுக்கப்போடுற நெடுங்கல்லு. அத எறக்குன அன்னிக்குப் படுத்தவன்தான், கோணக்கொம்பன் பெறகு எந்திரிக்கல. கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதேன். வெக்கமென்ன? பெத்த பிள்ளைக்கு அழுவுற மாதிரிதான் அழுதேன்.

அந்தக் கல்லுல ஊருக்குப் புதுப் பேரும், கீழ ஒத்தாசை செஞ்சவங்க பேரும் வெட்டப்போறதா உபதேசியார் சொன்னாரு.

“எம்பேரு வேணாம். கோணக்கொம்பன்னு வெட்டச் சொல்லுங்க”ன்னேன்.

சிரிச்சுட்டாரு மனுசன். “ஆண்டவர் வீட்டு வாசல்ல மாட்டுப் பேரா? ஊரு சிரிக்கும் ஒச்சாயி.”

“சிரிக்கட்டுமே! கல்லு என்ன, கால் மொளைச்சு நடந்தா வந்துச்சு?”

“முடியாதம்மா.”

அன்னிக்கு விட்டதுதான் பேச்சு.

பத்தாம் நாளு கல்தச்சர் விருமாண்டி அண்ணன் உளியோட உக்காந்தாரு. ஊரே கூடிருச்சு. நானும் வீட்டுக்காரரும் போயி ஓரமா நின்னோம். உபதேசியார் கையில ஒரு காயிதம். முகத்துல பெருமை தாங்கல.

“யாக்கோபுங்கிறவர் கல்லைத் தலைக்கு வச்சு வெட்டவெளியில படுத்தாரு. சொப்பனத்துல ஆண்டவரைக் கண்டாரு. அந்த இடத்துக்குப் பெத்தேல்னு பேரு வச்சாரு. எபிரெயப் பேச்சுல தேவனோட வீடுன்னு அர்த்தம். அதான் இனி நம்ம ஊருக்கும் பேரு. எபிரெயத்துல ஆதியில எழுதின எழுத்துலயே எழுதியாந்திருக்கேன். மதுரை ஜில்லாவுலயே எவனும் வெட்டாத எழுத்து!”

எட்டிப் பாத்தேன். அஞ்சு உரு. நாலாவதுல ஒரு முகம், ரெண்டு கொம்பு. வீம்பெல்லாம் எங்கிட்டுப் போச்சோ, வாய் முந்திக்கிருச்சு.

“இது என்ன?”

“அலேப். எழுத்தும்மா.”

“எழுத்தா? மாட்டுத் தலைய்யா இது! பக்கத்துல நிக்கிறது மாட்ட முடுக்குற தார்க்குச்சி. நித்தம் கையில புடிச்சவளுக்குத் தெரியாதாக்கும்?”

உபதேசியார் காயிதத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. பொய் சொல்லத் தெரியாத மனுசன், அதச் சொல்லணும்.

“ஆமா... அலேப்னா காளை. லாமேத்னா தார்க்குச்சி. ரெண்டும் சேந்தா ஏல். ஏல்னா... தேவன்.” சொல்லச் சொல்லக் குரலு எறங்கிப்போச்சு. “மனப்பாடமா ஒப்பிச்சுப் படிச்சேன் ஒச்சாயி. உருவத்தப் பாக்கவே இல்ல.”

“சாமி பேரே காளையிலதான் தொடங்குது. அதுக்குப் போயி வாசல்ல எடமில்லன்னீகளே!”

எங்க வீட்டுக்காரரு, கூட்டத்துல வாயே தொறக்காதவரு, முன்னுக்கு வந்தாரு. “மத்த மூணும் என்னங்கய்யா?”

“வீடு. கை. அடையாளக் கீறல்.”

அவரு தன் பெருவிரலத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. “கையும் கீறலுமா! போலீசு புஸ்தகத்துல மட்டும்தான் நம்மளுக்கு எடம்னு இருந்தேன். சாமி வீட்டுப் பேருலயும் இருக்கா?” அப்படியே தலைய நிமித்தி நின்னாரு. ஏஞ்சாமி, என் நெஞ்சு நெறஞ்சு போச்சு.

உபதேசியார் கல்தச்சர் பக்கம் திரும்பி, “விருமாண்டி, கீழ வேற எவன் பேரும் வேணாம். அந்தக் காளைய ஒச்சாயி சொல்ற மாதிரி வெட்டு”ன்னாரு.

நான் கரித்துண்ட எடுத்து, இடக்கொம்பக் கண்ணுக்கு மேல வளைச்சு வரைஞ்சு காட்டுனேன்.

தொறப்பு நாளைக்கு மதுரையிலருந்து மிஷன் பெரிய துரை வந்தாரு. எபிரெயம் படிச்சவராம். வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்தவரு மொகம் சுளிச்சாரு.

“மாசிலாமணி, அலேப் தப்பு. ஒரு கொம்பு வளைஞ்சிருக்கு. கல்லை மாத்தணும்.”

உபதேசியாருக்குச் சோறு போடுறதே அந்தத் துரைதான். தப்புதான்னு ஒரு வார்த்தை சொன்னா, கோணக்கொம்பன் போனான்.

உபதேசியார் கையக் கட்டிக்கிட்டுத்தான் நின்னாரு. ஆனா குரலு கணீர்னு வந்துச்சு.

“தப்பில்ல துரை. இந்தக் கல்லைக் கொண்டாந்த காளைக்குக் கொம்பு அப்படித்தான் இருந்துச்சு.”

துரை கல்லப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு. அப்புறம் தொப்பியக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு, கோணக்கொம்பனுக்குக் கீழ நடந்து உள்ள போனாரு.

கோயிலுக்குள்ள போறப்பத் தொப்பியக் கழட்டுறது அவங்க வழக்கம்னு பெறகு சொன்னாங்க. இருக்கட்டுமே! எங்காளைக்குத்தான் கழட்டுனாருன்னு நான் சொல்லுவேன்.