ஆறாத கட்டில்

போர் நடந்த அந்த வருஷங்களில் ரிச்மண்ட் துறைமுக ஊரில் கட்டில் ஆறியதே இல்லை. ஒருவன் எழுந்து போனால் அடுத்தவன் அந்தச் சூட்டிலேயே படுப்பான். கப்பல் கட்டும் பட்டறை ராத்திரி பகலாக ஓடியது. எங்களைப் போன்ற கறுப்பர்களுக்கு வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் குறைவு. டின்ஸ்லி அம்மாள் வீட்டில் ஒரே கட்டில்தான், பகல் ஷிப்டுக்காரனான எனக்கு ராத்திரிக் கட்டில், கிளோவிஸ் என்பவனுக்குப் பகல் கட்டில். அவன் முகத்தைவிட அவன் தலை எண்ணெய் வாடைதான் எனக்குப் பழக்கம்.

அவனைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். அந்த வாரமே டெக்சாஸிலிருந்து என் மனைவி வெர்லி சொல்லாமல் வந்து இறங்கினாள். சில நாள் சேர்ந்து தூங்கினோம். பிறகு அவளும் பட்டறையில் சேர்ந்துவிட்டாள். வெல்டிங். கறுப்புப் பெண்களுக்கு ராத்திரி ஷிப்டுதான் கொடுத்தார்கள். கிளோவிஸின் பகல் கட்டில் அவளுடையதாகிவிட்டது.

அதன்பின் பட்டறை வாசலில்தான் பார்த்துக்கொண்டோம். நான் வெளியே வருவேன், அவள் உள்ளே போவாள்.

"வேலைய விட்டுடு," என்றேன். "சண்டை முடிஞ்சா மொதல்ல நம்மளத்தான் தொரத்துவானுங்க."

"தொரத்துற அன்னிக்குப் பாத்துக்கலாம். நீ வேணா விடேன்."

"நான் ஆம்பளடி."

"நான் வெல்டர், கெழவா. தள்ளு, சங்கு ஊதப்போவுது."

படுத்தால் தூக்கம் வராது. மெத்தையில் அவள் சூடு இருக்கும், அவள் இருக்கமாட்டாள். யாரோடு சிரிக்கிறாளோ, எவன் சோறு வாங்கித் தருகிறானோ என்று புரளுவேன். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டுவான்.

மேஸ்திரியிடம் போய் ராத்திரி ஷிப்டு கேட்டேன். வெள்ளைக்காரன், என் மகன் வயது. என் நரையைப் பார்த்தும் 'பையா' என்றுதான் கூப்பிடுவான். இரும்பு செதுக்கும் வேலைக்கு வர நான் ஒரு வருஷம் குப்பை கூட்டியவன்.

"செதுக்குற வேலை ராத்திரியில இல்ல பையா. வெல்டருங்களுக்குக் கேபிள் இழுக்க ஆள் வேணும். கூலி கம்மி. உன் பொண்டாட்டி இருக்கிற கும்பல்தான், அவ ஏவுனதச் செய்யணும். சம்மதமா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் கேலி செய்கிறானா, நிஜமாகவே தருகிறானா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. தலையாட்டினேன்.

முதல் ராத்திரி கப்பலின் அடித்தட்டில், முகமூடிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"இழு கெழவா. இன்னும் இழு. சோறு திங்கல?"

"வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

"அதுக்குத்தான வந்த?"

தோள் பிய்ந்துபோகும்வரை இழுத்தேன். விடிந்ததும் சேர்ந்து நடந்தோம். எங்கள் கட்டிலில் ராத்திரிக்குப் புதிதாக வந்தவன் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். டின்ஸ்லி அம்மாள் அவன் காலைப் பிடித்து இழுத்து எழுப்பினாள்.

கேட்க வேண்டியவற்றை வழியெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். பூட்ஸைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் அவள் சுவர்ப் பக்கம் தூங்கிப்போயிருந்தாள். எனக்கு விட்ட இடம் ஒரு முழம்கூட இல்லை. அதில் ஒருக்களித்துப் படுத்தேன்.