வரிக்கு வரி நோபர்ட்

நோபர்ட்டும் வீரசிங்கமும் உக்குவளையில் ஒன்றாகப் படித்தவர்கள். பிறகு மாத்தளை டவுனில் நோபர்ட் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினான். வீரசிங்கம் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்திருந்த தமிழை யூனிகோடுக்கு மாற்ற அவன் ஒரு நிரல் எழுதினான். யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று இருவருமாக அதை இணையத்தில் போட்டார்கள். டொரன்டோவிலிருந்தும் சென்னையிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார்கள்.

ஆளுக்கொரு மாதிரி எழுதினார்கள். அடைப்புக்குறியை எந்த வரியில் போடுவது, எத்தனை இடைவெளி விடுவது என்று வாரக்கணக்கில் மின்னஞ்சலில் சண்டை. எல்லாவற்றிலும் மோசம் வீரசிங்கத்தின் எழுத்துதான். அவனுடைய ஒரு வரி திரையைத் தாண்டி ஓடும்.

"எழுத்து ஒழுங்கைப் பாக்கிற செக்கர் ஒண்ணு போடுவோம்டா. சரியில்லாததை அதுவே பாத்துத் திருப்பி அனுப்பிரும். நாம யாரோடயும் மல்லுக்கட்டத் தேவையில்ல" என்றான் நோபர்ட்.

"போடு. மொதல்ல மாட்டுறது நான்தான்" என்று வீரசிங்கம் சிரித்தான்.

அதற்குள் 2008 வந்துவிட்டது. போர் உச்சத்தில் இருந்தது. அச்சகத்து வேலையாகக் கொழும்புக்குப் போன வீரசிங்கம் தங்கியிருந்த லொட்ஜைப் பொலிஸார் சுற்றி வளைத்தார்கள். அவனையும் அவனுடைய மடிக்கணினியையும் கொண்டுபோனார்கள். அவனைத் தடுத்து வைத்திருந்த இடத்துக்குப் பார்க்கப் போன அம்மா அழகாயி, நோபர்ட் கூட வருவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டாள். "ஒன்னையும் புடிச்சு வச்சுக்குவாங்க தம்பி. நான் மட்டும் போறேன்." ஒவ்வொரு முறையும் பார்க்காமலே திரும்பி வந்தாள்.

நோபர்ட்டால் சும்மா இருக்க முடியவில்லை. வீரசிங்கம் வரும்போது நிரலாவது உயிரோடு இருக்கட்டும் என்று செக்கரை நிறுவினான். முதல் ஓட்டத்திலேயே அது ஆயிரக்கணக்கான குறைகளைக் கொட்டியது. அவை தீரும்வரை யாருடைய திருத்தத்தையும் அது ஏற்கவில்லை. எனவே எல்லாக் கோப்புகளின் அமைப்பையும் ஒரே தடவையில் சீராக்கிப் பதிந்தான். நிரலின் வேலை கொஞ்சமும் மாறவில்லை. சண்டைகள் நின்றன. புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள்.

போர் முடிந்து சில மாதங்களில் வீரசிங்கத்தை விட்டார்கள். ஒரு காது கேட்கவில்லை. நோபர்ட் அவனுடைய நல்ல காதின் பக்கமாக உட்கார்ந்தான்.

"செக்கர் போட்டுட்டேன்டா."

"தெரியும்" என்றான் வீரசிங்கம். "கம்ப்யூட்டர்ல இருக்கிறது ரகசிய எழுத்தான்னு கேட்டாங்க. சேர், இது நான் எழுதின புரோகிராம், எந்த வரிய யார் எழுதினதுன்னு இன்டர்நெட்லயே காட்டும்னு சொன்னேன். ஒரு அதிகாரி திறந்து பாத்தாரு. வரிக்கு வரி ஒன் பேருதான்."

ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவன் பெயரையே அந்த இணையப் பக்கம் காட்டும். சீராக்கியபோது நோபர்ட் எல்லா வரிகளையும் தொட்டிருந்தான்.

"பழைய பதிவுல ஒன் பேரு அப்பிடியே இருக்குடா. கொஞ்சம் பின்னுக்குப் போயிருந்தா..."

"நானும் சொன்னேன். அதுக்குள்ள மூடிட்டாரு. பொய் சொல்றான்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுக்கப்பறம் யார் இந்த நோபர்ட்னுதான் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கனடாவுல யாரோ, நேர்ல பாத்ததே இல்லன்னு சொன்னேன்." வீரசிங்கம் கேட்காத காதைத் தடவினான். "அதைக் கடைசிவரைக்கும் நம்பல."

நோபர்ட், "எல்லாத்தையும் பழையபடி மாத்திர்றேன்டா" என்றான்.

"வேணாம். திரும்பச் சண்டைதான் வரும்."

நோபர்ட் கேட்கவில்லை. அமைப்பைப் பழையபடி மாற்ற வேண்டும் என்று மறுநாளே குழுவுக்கு எழுதினான். காரணம் கேட்டார்கள். உலகமே படிக்கும் இடத்தில் நடந்ததை எழுத அவனுக்குப் பயமாக இருந்தது. தனிப்பட்ட காரணம் என்று மட்டும் எழுதினான். ஒருவருடைய தனிப்பட்ட காரணத்துக்காக எல்லாருடைய உழைப்பையும் குலைக்க முடியாது என்று டொரன்டோக்காரர் மரியாதையாகவே பதில் எழுதினார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

நோபர்ட் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகினான். வீரசிங்கம் நாவுலையில் மரக்கறி லொறி ஒன்றில் வேலைக்குப் போனான். மாத்தளை பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது சந்தித்தால் நோபர்ட் அழகாயியின் சுகத்தை விசாரிப்பான். "இருக்காங்க" என்பான் வீரசிங்கம். பிறகு ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள்.